துடக்கு வீட்டில் ஒரு மஞ்சள் முக்கோணம்

என் மடிக்கணினிக்குப் பத்து வயது. ஜெர்மனியில் இருக்கும் என் கணவரின் தங்கை ஊருக்கு வந்த நேரம், "சும்மாதான் கிடக்குது, வைச்சிருங்கோ அண்ணி" என்று தந்துவிட்டுப் போனது. அந்த நாட்டு விசைப்பலகை. வை அடித்தால் இசட் விழும், இசட் அடித்தால் வை விழும். கடவுச்சொல் ஒருதரம் சரியாக விழுவதற்குள் மூன்றுதரம் பிழைக்கும். என்றாலும் நாலு வருடமாக என் படிப்பைச் சுமந்தது அதுதான்.

நாற்பத்தாறு வயதில் வெளிவாரிப் பட்டம் படித்த முன்பள்ளி ஆசிரியை நான். எல்லாம் முடிந்து வைவா என்கிற வாய்மொழித் தேர்வு மட்டும் மிச்சம் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, இணையத்தில், மூன்று பேருக்கு முன்னால் என் ஆய்வைப் படங்கள் போட்டு விளக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை தவறவிட்டிருந்தேன். ஒருமுறை எனக்கு டெங்கு, ஒருமுறை மகளின் கலியாணம். மூன்றாம் முறையும் விட்டால் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்று எனக்கே தெரியும்.

அப்படிப்பட்ட நேரம் பார்த்துத்தான் வைஃபை படுத்தது. திரையின் மூலையில் ஒரே ஒரு கோடு, அதன்மேல் ஒரு மஞ்சள் முக்கோணம். அமத்திப் பார்த்தால், 'இணைந்துள்ளது, இணையம் இல்லை' என்று வரும். கலியாணம் நடந்துவிட்டது, மாப்பிள்ளை மட்டும் வரவில்லை என்பது மாதிரியான பதில். சில நேரம் இரண்டு நிமிடம் வேலை செய்யும். சரி, வந்துவிட்டது என்று நான் நிமிர்ந்து உட்கார, அறுந்துவிடும். சாண் ஏற முழம் சறுக்கியது.

கணினிக்குள்ளேயே சிக்கலைக் கண்டுபிடிக்கிற ஒரு வசதி இருக்கிறது. அதை அமத்தினால் ஒரு கோடு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடும். ஓடி ஓடிக் களைத்து, கடைசியில் 'சிக்கலை அடையாளம் காண முடியவில்லை' என்று சொல்லும். சிக்கல் இருக்கிறது என்று எங்கள் வீட்டு ஆட்டுக்குக்கூடத் தெரியும், அதற்குத் தெரியவில்லை. இன்னொரு இடத்தில், பழைய மென்பொருளை மாற்றிப் புதியதை இறக்கு என்று போட்டிருந்தது. இறக்குவதற்கு இணையம் வேண்டும். இணையம் இருந்தால் நான் ஏன் அதனிடம் போய் நிற்கிறேன்? நிறுத்தி நிறுத்திப் போட்டேன். வைஃபையின் பெயரை அழித்துவிட்டு மறுபடி சேர்த்தேன். வை, இசட், வை, இசட் என்று விரல் தேய்ந்ததுதான் மிச்சம்.

கைப்பேசியில் எல்லாம் வந்துகொண்டிருந்தது. அதனால் பழுது கணினியில்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். மாதம் முழுக்க வரவேண்டிய டேட்டா எட்டாம் நாளே முடிந்தபோது கைப்பேசிக் கம்பனியையும் சேர்த்துத் திட்டினேன். வைஃபை கிடைக்காமல் அது தன் டேட்டாவைத் தின்றுகொண்டிருந்தது என்பது அப்போது எனக்கு ஓடவில்லை.

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் துடக்கு, சாவுத் தீட்டு. சாவகச்சேரியில் இருந்த என் கணவரின் சித்தப்பா இறந்துபோனார். தகப்பன் இல்லாத இவரைத் தோளில் போட்டு வளர்த்தவர். எங்கள் ஆட்களுக்குச் சாவுத் துடக்கு முப்பத்தொரு நாள். கோயில் இல்லை, மீன் இறைச்சி என்று மச்சம் இல்லை, இன்னொருவர் வீட்டுப் படி மிதிப்பதில்லை, சாமியறையில் விளக்கு எரியக்கூடாது. செய்தி வந்த அன்றைக்கே என் கணவர் சாமியறைக் கதவைச் சாத்திக் கொண்டி போட்டார். இணைப்புத் தர வந்தவர்கள் கம்பியை அந்தச் சுவரால் கொண்டுவந்ததால், ரவுட்டரும் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் அதே அறைக்குள்தான் இருந்தது.

செத்தவீட்டில் அவர் அழவில்லை. பந்தல், பறை, சுடலை என்று ஓடித் திரிந்தார். திரும்பி வந்து வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வெங்காயத் தோட்டத்துக்குள் இறங்கியவர், சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மட்டும் உள்ளே வந்தார். அவரைக் கவனிக்க எனக்கு நேரமில்லை. என் கண் முழுக்க அந்த முக்கோணத்தில்தான். அவர் வந்து தண்ணீர் கேட்டால், "உங்கடை தங்கச்சி தந்த சாமானைப் பாத்தியளோ" என்று தொடங்கிவிடுவேன். அவர் செம்பை வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவார்.

செவ்வாய்க்கிழமை கணினியைத் தூக்கிக்கொண்டு சுன்னாகத்துக்குப் பஸ் ஏறினேன். சந்தைக்குப் பக்கத்தில் கணினி திருத்துகிற ஒரு கடை. கடைக்காரர் திறந்து, தன் வைஃபையில் போட்டார். அந்தச் சனியன் ஐந்து கோடும் காட்டிக்கொண்டு நின்றது. என்னை மானங்கெடுத்துவதற்கென்றே நின்றது.

"இதிலை ஒரு பிழையுமில்லை அக்கா. பழசெண்டபடியால் கொஞ்சம் காது மந்தம், அவ்வளவுதான். ரவுட்டர் எங்கை வைச்சிருக்கிறியள்?"

"சாமியறையிலை. இப்ப துடக்கு, கதவு சாத்திக் கிடக்கு."

"மரக்கதவுதானே? மரத்துக்குள்ளாலை வரும். ரவுட்டரிலை என்ன லைட் எரியுது எண்டு பாருங்கோ."

சாமியறைக்குள் போக ஏலாது என்று அவருக்கு விளக்க எனக்குப் பொறுமை இல்லை. வெள்ளிக்கிழமை அவர் கடையில் வந்து இருக்கலாமா என்று கேட்டேன். கடை திறப்பதே பத்தரைக்கு என்றார். மருதனார்மடத்தில் என்னோடு படிப்பிக்கிற ஆசிரியை வீட்டில் நல்ல இணைப்பு இருக்கிறது. துடக்கோடு அங்கே எப்படிப் போவது?

புதன் போனது. வியாழன் போனது. வெள்ளி காலை ஒன்பதரைக்கு அந்த ஒற்றைக் கோடும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வருகிற அழுகை. இணைப்புத் தந்த கம்பனிக்கு அழைப்பெடுத்தேன். ஒன்றை அமத்து, இரண்டை அமத்து என்று அலைக்கழித்த பிறகு ஒரு பெண்பிள்ளை வந்து, "ரவுட்டரில் சிவப்பு எரிகிறதா, பச்சை எரிகிறதா?" என்று அதே கேள்வியைக் கேட்டது.

உள்ளே போகாமல் எட்டிப் பார்த்தால் குற்றமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கொண்டியைக் கழற்றிக் கதவைத் தள்ளினேன். படிக்கு வெளியே நின்று பார்த்தேன். தட்டில் ரவுட்டரைக் காணவில்லை. அது இருந்த இடத்தில், தைப்பொங்கலுக்கு மட்டும் எடுக்கிற எங்கள் பெரிய பித்தளைச் சருவப்பானை தலைகீழாகக் கவிழ்ந்திருந்தது. அதன் விளிம்புக்குக் கீழிருந்து ஒரு கறுப்பு வயர் எலிவால் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு சுன்னாகம் வரை நெய்க்கு அலைந்திருக்கிறேன். பின்வாசலுக்கு ஓடிப்போய்க் கத்தினேன். தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிற மிசின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முழங்கால்வரை செம்மண்ணோடு வந்து நின்றார்.

"ரவுட்டருக்கு மேலை ஏன் சருவத்தைக் கவிட்டு வைச்சனீங்கள்?"

"துடக்கு நாளிலை சாமியறையிலை வெளிச்சம் எரியலாமோ? அது பச்சையும் சிவப்புமா மினுங்கிக்கொண்டு கிடந்தது."

"அது விளக்கோ? நிப்பாட்டியிருந்தாலாவது எனக்கு அண்டைக்கே விளங்கியிருக்கும்!"

"நிப்பாட்டினால் உமக்குப் படிக்கேலாதே. அதுதான் நிப்பாட்டாமல் மூடி வைச்சனான்" என்றார். "உள்ளுக்கை எரிஞ்சுகொண்டுதான் கிடக்கு."

மனுசன் வலு கவனமாகத்தான் செய்திருக்கிறார். பித்தளைக்குள் வைஃபை அடைபடும் என்று அவருக்கு யார் சொன்னது? நேரம் ஒன்பது நாற்பத்தைந்து.

விறாந்தை மூலையில் முருங்கைக்காய் பிடுங்குகிற கொக்கத்தடி சாத்தியிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து, படிக்கு வெளியே நின்றபடி சருவத்தின் விளிம்பில் கொக்கியைக் கொளுவப் பார்த்தேன். கொக்கி வழுக்கிப்போய்ப் பிள்ளையார் படத்தில் முட்டியது.

"தாரும் இஞ்சை. படத்தை உடைச்சுப் போடுவீர்."

அவர் தடியை வாங்கினார். வருடக்கணக்காக உச்சிக் கொப்புக்காய் பிடுங்கிய கை. ஒரே எத்தில் விளிம்பைப் பிடித்து மெல்லத் தூக்கி இழுத்தார். சருவம் தட்டிலிருந்து சரிந்து சீமெந்து நிலத்தில் விழுந்து, வீடே அதிர உருண்டது. இருட்டறைக்குள் பச்சை வெளிச்சங்கள் வரிசையாக மினுங்கின.

அவர் தடியைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சித்தப்பா ஒண்டும் நினைக்கமாட்டார்" என்றார். "பெட்டையளைப் படிக்க விடுங்கோடா எண்டுதான் எப்பவும் சொல்லுவார்."

அதோடு அவருடைய குரல் உடைந்தது. வாசல் நிலையோடு சாய்ந்து அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். இருபத்திரண்டு நாள் தாடி வளர்ந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். இருபத்தெட்டு வருடத்தில் அவர் அழுது நான் கண்டதில்லை. பக்கத்தில் போய் இருக்க ஒரு காலை வைத்தேன்.

"போம்" என்றார் முகத்தைத் திருப்பிக்கொண்டு. "நேரம் போகுது."

போனேன். ஐந்து கோடு. முக்கோணம் இல்லை. மூன்று பேர் திரையில் வந்தார்கள். நாற்பது நிமிடம் ஒருதரம்கூட அறவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். தேறினேன் என்றும் ஒரு மாதம் கழித்துச் செய்தி வந்தது. ஆனால் என்ன கேட்டார்கள், என்ன சொன்னேன் என்று கேட்டால் இன்றைக்கு எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. அடுத்த அறையில் ஒரு மனுசன் மூக்கை உறிஞ்சிய சத்தம்தான் ஞாபகம்.

முடிந்து வெளியே வந்தபோது அவர் அதே இடத்தில்தான் இருந்தார். மடியில் கொக்கத்தடி.

"அறுந்ததோ?"

"இல்லை. நல்லா நிண்டது."

"அப்ப சரி" என்று எழும்பப் பார்த்தார். நான் அவருடைய கையைப் பிடித்து இருத்தினேன். இத்தனை நாளும் ஒரு நாளைக்குப் பத்துத்தரம் அந்தக் கணினியிடம் உனக்கு என்ன செய்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இவரிடம் ஒருதரமும் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"சித்தப்பாவைப் பற்றிக் கதையுங்கோ" என்றேன்.

மடியில் கிடந்த தடியை ஓரமாக வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். தோட்டத்தில் மிசின் ஓடிக்கொண்டே இருந்தது. வெங்காயப் பாத்தி நிரம்பி வழிந்திருக்கும். இரண்டு பேரும் எழும்பிப் போய் நிப்பாட்டவில்லை.