குடும்ப அட்டையில் ஒரு துறவி

காலை 9.15க்கு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து புறப்பட வேண்டிய சிங்கப்பெருமாள் கோவில் பேருந்து 9.40க்குப் புறப்பட்டது. 1978 கோடை. ஒரகடத்தில் என் மைத்துனர் வாங்க நினைத்த நிலத்தின் பட்டாவையும் எல்லைக் கல்லையும் ஒத்துப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். தூரம் பன்னிரண்டு கிலோமீட்டர், கட்டணம் எண்பது பைசா. முப்பத்தொரு வருடம் தாலுகா அலுவலகத்தில் ரேஷன் பிரிவில் இருந்தவனுக்கு ஓய்வுக்காலத்தில் இதெல்லாம் உல்லாசப் பயணம்.

பக்கத்து இருக்கையில் சாயம் போன காவியில் ஒரு சாமியார், திருக்கழுக்குன்றம் போகிறவர். டிக்கெட் வாங்கியிருந்தார். அதுவே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. பெயர் கேட்டேன்.

"பேர வுட்டு இருவது வருசமாச்சிங்க."

"சாப்பாடு?"

"கெடைக்கிற வூட்ல. ஆனா ஒரு தபா சாப்ட்டுக் கெளம்புன வூட்ல மறு தபா கை நனைக்கிறதில்ல. குருவுக்குக் குடுத்த வாக்கு. பாசம் ஒட்டிக்கும்னாரு."

10.05. பிள்ளைப்பாக்கத்தில் பேருந்தின் மூக்கிலிருந்து ஆவி வந்தது. "எறங்கிக்கோங்க, ஆறணும், அரை மணி ஆவும்" என்றார் ஓட்டுநர். எல்லோரும் ரேஷன் கடை ஓரத்துப் புளியமரத்தடிக்குப் போனோம். அங்கே ஒரு மேசை, அதன் பின்னால் இளவயது ஆய்வாளர், முன்னால் ஐம்பது வயது அம்மாள் ஒருத்தி.

"ஏகாம்பரம்னு ஒரு பேர். பத்து வருஷமா ஊர்ல யாரும் பார்க்கல. போலிப் பேரு. மொத்த அட்டையும் ரத்து, முனியம்மா."

"காய்ச்சல்ல மூணு மாசம் எங்கூட்ல கெடந்தாரு சார். கஞ்சிக்கு சக்கரை வோணும், தலைக்கு இவ்ளோன்னு அளந்தாங்கோ. பழைய பேரக் கேட்டு அட்டைல எழுதிட்டேன். அப்றம் எழுந்து போயிட்டாரு."

"போனதும் பேரை நீக்கியிருக்கணும்."

"செத்தவங்க பேரத்தான் அடிப்போம்னாங்கோ. உசுரோட கீற மனுசன என் வாயால சாவடிக்கச் சொல்றியா?"

"அவர் பங்கு சர்க்கரை என்னாச்சு?"

"வர்ற சாமிங்களுக்குக் காப்பி போட்டேன்."

என் பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த சாமியாருக்குப் புரையேறியது. முனியம்மா திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாண்ணே, இம்மாம் எளச்சிட்ட?"

"நல்லாக்கிறியா முனிம்மா?" என்றார், பெயரை விட்டவர்.

ஆய்வாளர் அசரவில்லை. ஆள் இருந்தால் போதுமா, இந்த வீட்டில் சாப்பிடுகிறவரா என்றார். கேள்வி சரியானது. ஒரே அடுப்பில் சாப்பிடுவோர்தான் ஒரு அட்டை. அந்த விதியை நானே எத்தனையோ பேர் தலையில் போட்டிருக்கிறேன். முனியம்மா கடைக்குப் பின்னாலிருந்த தன் வீட்டுக்குள் ஓடி ஒரு குண்டான் கேழ்வரகுக் கூழோடு வந்தாள்.

சாமியார் கூழைப் பார்த்தார். கை நீளவில்லை. வாக்கு விஷயம் அறிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். ஆய்வாளர் பேனா மூடியைத் திறந்தார்.

"வோணாம்னா வுடுண்ணே. வெட்டிக்கினு போவட்டும்" என்றாள் முனியம்மா.

சாமியார் மண்ணில் சப்பணமிட்டு உட்கார்ந்து குண்டானை மடியில் வைத்துக்கொண்டார். பாதி காலியானதும் தலை நிமிர்ந்தது.

"ஊறுகா கீதா?"

ஆய்வாளர் பேனாவை மூடினார். குண்டானில் மீதி வைக்காதது விசாரணைக்குப் போதுமான சாட்சியம் என்று நானும் சொல்லி வைத்தேன்.

10.50. பேருந்து ஹாரன் அடித்தது. கை கழுவிய சாமியார் என்னைத் தனியே அழைத்தார்.

"பேர எடுக்கணும்னா இன்னா பண்ணணும்?"

"குடிபோகிற ஊரின் விலாசம் கொடுக்க வேண்டும்."

"எனக்கேது ஊரு?"

"இல்லையென்றால் இறப்புச் சான்றிதழ்."

"அதுக்கு நாளாவுமே."

"அதுவரை நீங்கள் பிள்ளைப்பாக்கம்தான்."

சன்னலுக்கு வெளியே முனியம்மா பேருந்தோடு நடந்து வந்தாள். "தீவாளிக்கு சக்கரை கூட போடுவாங்கோ. வந்துடுண்ணே." வல்லம் தாண்டியது. தீபாவளி எந்த மாதம் என்று சாமியார் கேட்டார்.

ஒரகடத்தில் எல்லைக் கல் பட்டாவுக்கு ஒத்துவரவில்லை. இரவு ஒன்பதரைக்கு வீடு திரும்பினேன். எங்கள் அட்டையில் முதல் பெயர் என்னுடையது. எல்லோரும் சாப்பிட்டுப் பாத்திரமும் கழுவியாகிவிட்டது. என் பெயரை நீக்க மனுக் கொடுத்தது யார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.