கெயக்கு பாத்து எடுத்த போட்டோ

எங்க பேட்டைல சூரியன் வர்றத தெனம் அம்மாம் பேரும் பாப்பாங்க. ஆனா குந்திகினு பாப்பாங்க. ஆம்பளைங்க பாறாங்கல்லுக்கு இந்தாண்ட, பொம்பளைங்க ஒடஞ்ச மீன்புடி போட்டுக்கு அந்தாண்ட. யார் வூட்லயும் கக்கூஸ் கெடையாது, கடலுதான் எல்லாத்துக்கும். அந்த நேரத்துல ஒரு மன்சன் கைல கேமராவோட போய் நின்னா இன்னா ஆவும்னு நீங்களே நெனச்சிக்கோங்க.

"யோவ் பெருசு, இந்த வயசுல இன்னா புத்திய்யா இது"ன்னு போட்டு பக்கத்துலேந்து ஒருத்தி கத்தறா. எங்க வூட்டுக்காரரு பாவம், தலைய குனிஞ்சிகினு நிக்கிறாரு. நான்தான் பின்னாடிலேந்து கொரல் குடுத்தேன். "அவரு சூரியனதான் எடுக்கறாரு. நீங்க ஒண்ணும் அம்மாம் சோக்கா இல்ல, குந்துங்கடி."

சிரிச்சாளுங்க. அப்பால யாரும் எதுவும் கேக்கல. என் வாய் அப்பிடி. எங்க போனாலும் நாலு பேர சிரிக்க வெச்சிட்டுதான் வருவேன். அந்த வாய்தான் எங்க வூட்ட முயுங்குச்சி. அத்த சொல்லத்தான் இத்த எய்துறேன். நான் மூணாவதோட நின்னவ, தப்பு கிப்பு வந்தா பாத்துக்கோங்க. ழ எங்க வாய்லயும் நிக்காது, கைலயும் நிக்காது. கெயக்குன்னு எய்துனா அது சூரியன் வர்ற பக்கம்னு தெரிஞ்சிக்கோங்க.

எங்க வூடு திருவொத்தியூர்ல, கடலுக்கு மொத வரிசை. வந்தப்போ மொத வரிசை இல்ல, மூணாவது. எங்களுக்கு முன்னாடி ரெண்டு வரிசை வூடு, ஒரு அடி பம்பு, ஒரு சின்ன அம்மன் கோயிலு இந்துச்சி. கடலு ஒண்ணொண்ணா தின்னுகினு வந்து எங்கள மொத வரிசை ஆக்குச்சி. நாங்க ஒரு அடி நவுராமலே முன்னுக்கு வந்தவங்க. லாரி லாரியா பாறாங்கல்லு கொண்டாந்து கொட்னாங்க. கடலு இன்னா மாடா, கல்லெடுத்து போட்டா ஓட? கல்ல சுத்திகினு இந்தாண்ட வந்துச்சி.

வூட்ட கட்டுனது அவருதான். ஹார்பர்ல மூட்ட தூக்குன காலத்துல, லீவு நாளெல்லாம் செங்கல்லு அடுக்கி எய்ப்புனது. மேல சிமெண்ட் சீட்டு. கதவுக்கு நீலம், கப்பலுக்கு அடிக்கிற பெயிண்டு. எந்த உப்புக்காத்துக்கும் அது உரியல. கதவு மட்டும் கப்பல் மாரி மெதந்து போவும்யான்னு நான் கிண்டல் பண்ணுவேன். அப்பிடியேதான் போச்சி.

வருசம் ரெண்டாயிரம் பொறக்க போவுது, ஒலகம் அயிய போவுதுன்னு டிவில பேசிகினு இந்தாங்களே, அந்த ஐப்பசி மாசம். மொத வரிசைல கீற வூட்டுக்காரங்களுக்கு வேற எடத்துல மாடி வூடு குடுக்கறாங்கன்னு சேதி வந்துச்சி. ஆபீசுக்கு ஓடுனோம். எங்களுக்கு பட்டா கிட்டா எதுவும் கெடையாது. ரேசன் கார்டுல தெரு பேரு ஒண்டிதான் கீது, எந்த வரிசைன்னு போடல. பின்னாடி வரிசைக்காரன்லாம் நானும் மொத வரிசைதான்னு கியூவுல நிக்கிறான். அதனால அங்க குந்திந்த கிளார்க்கு, சின்ன வயசு, நல்ல மாரியாதான் பேசுச்சி, சொல்லுச்சி:

"கடல பாத்த வீடுன்னு படத்துல தெரியணும்மா. காலைல வெளிச்சம் வந்ததும், கிழக்கு பாத்தாப்ல ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க. பொங்கலுக்குள்ள குடுத்துடுங்க."

வெளிய வந்ததும் அவர கேட்டேன், "இன்னா சொன்னாருன்னு புரிஞ்சிச்சாய்யா?"

"போட்டோ கேக்கறாரு."

"எப்பிடி போட்டோ?"

"நீதான் கேட்டுகினு நின்னியே. நீயே சொல்லு."

எங்க வூட்ல எப்பவும் அதான். கேக்கறது நானு, செய்யறது அவரு. வாய பேச வுட்டுட்டு கைய குடுக்கற மன்சன்.

மாதாவரத்துல பொண்ண கட்டிக் குடுத்துக்கீறோம். வூடு போனா அங்கதான் போவணும். மருமவப்புள்ள தங்கம்தான். ஆனா ரெண்டு ரூமுல அவங்களே நாலு பேரு. நாம போய் படுத்தா அவங்க கால நீட்ட முடியாது. ஒரு மன்சன் கட்டுன வூட்டுக்கு மாத்தா ஒரு வூடு, எங்களுதுன்னு ஒரு கதவு, அது ஒண்ணுக்குத்தான் அந்த போட்டோ.

பக்கத்து வூட்டுக்காரங்க டோல்கேட்ல கீற ஸ்டூடியோ பாய கூட்டியாந்து எடுத்தாங்க. நாங்களும் கூப்ட்டிருக்கலாம். இவருக்கு ரோசம். ஹார்பர்ல இந்தப்போ கப்பல்காரன் ஒருத்தன் கிட்ட வாங்குன கேமரா ஒண்ணு ட்ரங்கு பொட்டில, பாச்சா உருண்டையோட தூங்கிகினு இந்துச்சி. சோப்பு டப்பா மாரி, அமுக்கறதுக்கு ஒரே பட்டன். எத்தினியோ வருசமா அதுக்கு பிலிம் வாங்கி போட்டதே இல்ல. "மெசினே நம்ப கைல கீது, இன்னொருத்தன எதுக்கு கூப்டணும்"ன்னாரு. பாய் கிட்டயே போய் பிலிம் வாங்கி மாட்டிகினு வந்தாரு.

பாய் ஒண்ணு சொல்லி அனுப்பிச்சாரு. "முப்பத்தாறு படம் விழும்ணே இதுல. ஒண்ணு எடுத்துட்டு கொண்டாந்தா மிச்சமெல்லாம் வேஸ்டு. ரோல முடிச்சிட்டு வாங்க, ஒண்ணா கழுவி தரேன்."

மொத நாளு காலைல. மயை வுட்டு வானம் தொவச்சி போட்டாப்ல கீது. இவரு மணல்ல எறங்கி, தண்ணி கால்ல படற வரைக்கும் போயி, திரும்பி வூட்ட பாத்து நின்னாரு. கேமராவ கண்ல வெச்சிகினாரு. வெரலு பட்டன் மேல கீது. நீலக் கதவு மேல வெயிலு அப்பதான் வந்து வியுது.

நான் வாசப்படில நின்னுகினு சொன்னேன். "யோவ். கெயக்கு பாத்து எடுக்க சொன்னாருய்யா. நீ மேக்க பாத்துகினு நிக்கிற. கடலு தெரியணும்னாரு, கடலுக்கு முதுவ காட்டறியே. ஹார்பர்ல வேல செஞ்ச ஆளுக்கு தெச தெரியல. திரும்புய்யா."

போட்டு பக்கம் குந்திந்த பொம்பளைங்க சிரிச்சாங்க. அவங்க சிரிக்கணும்னுதான் கொஞ்சம் சத்தமாவே சொன்னேன்.

அவரு கேமராவ கீய எறக்குனாரு. ஒரு நிமிசம் யோசன பண்ணாரு. வாசப்படிக்கு வந்து என் பக்கத்துல நின்னு, கெயக்கு பாத்து, சூரியன வெச்சி அமுக்குனாரு.

கிளார்க்கு கேட்டது கெயக்கு பாத்த வூடு. நான் எடுக்க வெச்சது வூட்லேந்து பாத்த கெயக்கு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு திரும்புதான். அவரு சரியாத்தான் நின்னாரு. நான்தான் திருப்புனேன்.

அப்பால தெனம் காலைல ஒண்ணு. ஒண்ணாவது நல்லா வியணும்ல, அதான். சூரியன் வராத நாள்ல எடுக்க மாட்டாரு, பிலிம் வேஸ்டாம். கார்த்திகைல பாதி நாளு மூட்டமா போச்சி. அந்த நாள்லயும் வாசப்படில கேமராவோட வந்து குந்திக்குவாரு. நான் டீ கொண்டாந்து குடுப்பேன். கரண்டு எடுக்கற எண்ணூரு பேக்டரிலேந்து சாம்ப காத்து வரும், டீ மேல ஏடு மாரி படியும், ஊதிட்டு குடிப்போம்.

பொய் சொல்ல மாட்டேன், அந்த நாளுங்க எனக்கு புட்ச்சிந்துச்சி. எத்தினியோ வருசம் ஒண்ணா இந்துட்டோம், ஒரு எடத்துல ஒண்ணா ஒக்காந்து ஒரே பக்கம் பாத்ததில்ல. அவரு ஷிப்டு, நான் அடுப்பு. அவருதான் காமிச்சாரு, சூரியன் ஒரே எடத்துல வர்றதில்லன்னு. தெனம் கொஞ்சம் கொஞ்சமா ஹார்பர் பக்கம் நவுந்துகினே போச்சி. வெளிய நங்கூரம் போட்டு நிக்கிற கப்பலுங்களுக்கு நடுவுல ஒரு நாளு, அதுக்கு அந்தாண்ட ஒரு நாளு.

"அதுக்கும் ஹார்பர்ல வேல கெடச்சிக்கீது போல"ன்னேன்.

"ரிட்டேரு ஆனா பென்சன் வராது, சொல்லி வை"ன்னாரு.

அவரு ஜோக்கு சொன்னது எனக்கு தெரிஞ்சி அது ஒண்ணுதான் அதுவரைக்கும்.

வாசப்படிலேந்து தண்ணிக்கு மொத நாளு நான் நடந்து பாத்தப்போ நாப்பது அடி இந்துச்சி. இருவதாவது போட்டோ எடுக்கும்போது பதினஞ்சி. நாங்க சூரியன பாத்துகினு இந்தோம்.

மார்கயி பொறந்து நாலஞ்சி நாளு ஆயிருக்கும். விடியல்ல கடலு படி மேல ஏறுச்சி. சத்தம் கூட பெருசா போடல. மொதல்ல முன் சொவுரு ஒக்காந்துச்சி, கால் வலிக்குதுன்னு ஒக்கார்ற மாரி. ட்ரங்கு பொட்டி, டிவி, சாமி படம், அடுப்பு, இம்மாம்தான் எடுக்க முடிஞ்சிச்சி. நீலக் கதவு நெலையோட பேந்து தண்ணில வியுந்து, கொஞ்ச தூரம் மெதந்துச்சி. நான் அத்த பாத்துகினு நின்னேன்.

இன்னும் பாதி வூடு நிக்கிது. பக்கத்து வூட்டுக்காரி சொன்னா, "ண்ணா, கயுத்துல கேமரா தொங்குதே, இத்த ஒண்ணு எடுத்து வைண்ணா."

ரோல்ல அஞ்சி மிச்சம் கீது. அவரு தல ஆட்டுனாரு. "வியுற வூட்ட எடுக்க மனசு வரலம்மா. அதான் கைல முப்பத்தொண்ணு கீதே."

நானும்தான் சொன்னேன், ஆமா, முப்பத்தொண்ணு கீதுன்னு.

மாதாவரம் போனோம். மிச்சம் அஞ்சும் பேத்திய எடுத்தாரு. அவ அஞ்சிலயும் நாக்க நீட்டிகினு நின்னா. டோல்கேட்டுக்கு போய் பாய் கிட்ட ரோல குடுத்தோம். கயுவி குடுக்கும்போது பாய் சொன்னாரு, "அருமையா வந்துருக்கும்மா. இந்த கேமராவுல இப்பிடி வரும்னு நான் நெனக்கல." எனக்கு பெருமை. கவர பிரிச்சி பாக்கறேன், சோக்கா கீது ஒவ்வொண்ணும். ஒண்ணுல தண்ணி மொத்தம் செம்பு தட்டு மாரி. ஒண்ணுல கப்பல் மேல சூரியன் குந்திக்கீது. அப்பவும் எனக்கு தோணல பாருங்க. பஸ்ஸுல வரும்போது அவரு ஒண்ணொண்ணா பாத்துட்டு கவர்ல போட்டு மூடுனாரு. மூஞ்சி எப்பிடியோ ஆச்சி. அவருக்கு அப்பவே தெரிஞ்சிடுச்சின்னு நெனைக்கிறேன். எங்கிட்ட சொல்லல.

ஆபீஸ்ல அந்த கிளார்க்கு முப்பத்தொண்ணயும் மேஜ மேல பரப்பி வெச்சி பாத்துச்சி.

"சூப்பரா இருக்கும்மா. வீடு எங்க?"

"நாங்க வாசப்படில நின்னுதாம்பா எடுத்தோம். வூடு பின்னாடி கீது."

அந்த கிளார்க்கு ஒரு போட்டோவ எடுத்து திருப்பி பின்பக்கம் பாத்துச்சி. சத்தியமா. நான் சிரிச்சிட்டேன். எப்பிடி சிரிச்சேன்னு இன்னிக்கும் தெரியல. அது நிமுந்து எங்கள பாத்து, கிழக்கு பாத்த வீட்டத்தாம்மா கேட்டேன்னு மெதுவா சொல்லுச்சி. அந்த எடத்துல என் சிரிப்பு நின்னுச்சி.

"வீட்ட ஒரே ஒரு படம் எடுத்துட்டு வந்துடுங்க, நான் எழுதி அனுப்பறேன்"னு சொல்லுச்சி.

"வூடு இல்ல சார்"ன்னாரு இவரு.

"யாரு சார் இப்பிடி எடுக்க சொன்னது?"

நான் வாய தொறந்தேன். இவரு முந்திக்கினாரு. "நான்தான் சார் தப்பா எடுத்துட்டேன். எங்க வூட்டுக்காரி சரியாத்தான் சொல்லுச்சி."

கிளார்க்கு பெரிய ஆபீசர் ரூமுக்குள்ள போயிட்டு வந்துச்சி. ஆதாரம் இல்லாம முடியாதாம். நாங்க எயுந்துக்கும்போது, செம்பு தட்டு மாரி வந்த போட்டோவ காட்டி, "இத நான் ஒண்ணு வெச்சிக்கட்டுமா"ன்னு கேட்டுச்சி. இவரு குடுத்துட்டாரு. மேஜ கண்ணாடிக்கு அடில அத்த சொருவி வெச்சத நான் பாத்தேன். பக்கத்து வூட்டுக்காரங்களுக்கு மாடி வூடு வந்துச்சி.

மாதாவரத்துல பொண்ணு வூடு மேக்க பாத்தது. எதுர லாரி செட்டு சொவுரு. அவரு அதே நேரத்துக்கு எயுந்துப்பாரு, எயுந்து எங்க போறதுன்னு தெரியாம படிக்கட்டுல குந்திகினு கெடப்பாரு. ஒரு நாளு பக்கத்துல போய் ஒக்காந்தேன்.

"அன்னிக்கு நான் ஒரு வார்த்த சொல்லாம வுட்டுந்தா…"

"நீ சொல்லாம வுட்டாதான் அதிசயம்"ன்னாரு. கோவமா இல்ல. சிரிச்சிகினேதான். எனக்கு அவரு ரெண்டு அடி அடிச்சிந்தாக்கூட தேவலன்னு இந்துச்சி.

அடுத்த மயைக்கு அவரு இல்ல. நெஞ்சுல சளி கட்டுச்சின்னு டாக்டரு சொன்னாரு. எனக்கு வேற ஒண்ணு தெரியும். கதவு இல்லாத மன்சன் எந்த பக்கம் வந்துட்டு எந்த பக்கம் போவான்.

பொண்ணு ஒரு போட்டோவ பெருசு பண்ணி பிரேம் போட்டு ஹால்ல மாட்டிக்கீறா. வர்றவங்கள்லாம் அதுக்கு முன்னாடி நின்னு, சோக்கா கீதே ஆயா, எங்க எடுத்ததுன்னு கேப்பாங்க.

"எங்க வூட்டு போட்டோ"ன்னுவேன்.

வியுந்து வியுந்து சிரிப்பாங்க. கெய்விக்கு கொயுப்ப பாருன்னுவாங்க. ஆயுசு மொத்தம் சிரிக்க வெச்சவ நானு, ஒரு தபா நெசத்த சொன்னா எவனும் நம்பறதில்ல. ஒருத்தன் கிட்ட மெனக்கெட்டு சொன்னேன், வாசப்படி இங்க, கதவு இங்க, நாங்க இங்க நின்னோம்னு கைய வெச்சி காமிச்சேன். கை பிரேமுக்கு வெளிய, வெறும் சொவுத்துல நின்னுச்சி. அவன் அதுக்கும் சிரிச்சான்.

இப்ப கேட்டா கன்னியாகுமரின்னு சொல்லிடறேன். அப்பிடியா, நாங்களும் போயிக்கீறோம்னு சொல்லிட்டு போய் ஒக்காந்துக்கறாங்க.