டிராயிங் இல்லாமல் கேட்ட விலை

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஓசூர் ஓரத்து ஜூஜுவாடியில் இரும்பு கடைய ஒரு பழைய லேத்தோடு தொடங்கிய பட்டறை, இன்று ஓசூரில் இரண்டு ஷெட்டாக நிற்கிறது. யார் தயவும் இல்லை.

வெப்சைட் இருந்தால்தான் ஆர்டர் என்று பெங்களூர் கம்பெனி சொல்லிவிட்டது. அதைச் செய்துதர ஒருவர் பத்து நாள் போதும் என்றார். ஒரு பெண் மூன்று மாதமும் மூன்று மடங்கு விலையும் கேட்டார். இரும்பென்றால் தொட்டே சொல்லிவிடுவேன். இதில் எதைத் தொடுவது?

“ஏம்மா, பாதி நாள்ல முடிக்க மாட்டியா?”

“டிராயிங் இல்லாம நீங்க ரேட் சொல்வீங்களா சார்? என்னென்ன வேணும்னு எழுதிக் குடுங்க.”

அளவு போட்ட டிராயிங் இல்லாமல் வருபவரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறவன் நான். பேப்பரோடு உட்கார்ந்தேன், கம்பெனி பெயருக்குக் கீழே ஒரு வரியும் ஓடவில்லை. வாயால் சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார். மூன்று மாதம் நியாயமா என்று இன்னும் எனக்குத் தெரியாது, வேலையை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

வெப்சைட்டின் அடியில் செய்தவர் பெயர் வருமாம். என்னென்ன வேண்டும் என்று சொன்னவன் நான். என் பெயரும் வரவேண்டும்.