அடி என்று நான் சொன்னது

மகள் வீட்டில் இன்டர்நெட் இணைப்பு வாங்கிய வாரம் நான் திருவொற்றியூர் போயிருந்தேன். கம்ப்யூட்டரைத் திறந்து, என்னை அதன் முன்னால் உட்கார வைத்தாள்.

"மா, நீ எழுதினதெல்லாம் அப்டியே கீது பாரு. படிச்சிகினு இரு, நான் கொழம்ப எறக்கிட்டு வரேன்."

நான் எழுதியது என்று அவள் சொன்னது ஆறேழு வருடத்துக்கு முந்தைய விஷயம். அப்போது அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. எங்கள் ஏரியாவான கல்மண்டபத்தில் ஒரு பிரௌசிங் சென்டரில் வேலை பார்த்தாள். பெண்கள் பேர் போடாமல் தங்கள் கஷ்டத்தை எழுதவும், மற்றப் பெண்கள் அதற்குப் பதில் எழுதவும் தமிழிலேயே ஒரு பக்கம் இருப்பதாக அவள்தான் சொன்னாள். முகம் தெரியாது என்றதும் எனக்குத் தைரியம் வந்தது. டாக்டரிடம்கூடச் சொல்லக் கூசிய ஒன்று என்னிடம் இருந்தது.

தண்ணீர் லாரி வரும் நாளில் பத்துப் பன்னிரண்டு குடம் மாடிக்கு ஏற்றுவேன். பிரசவத்துக்குப் பிறகு லேசாக இருந்த தொந்தரவு, குடம் தூக்கித் தூக்கி அதிகமாகிவிட்டது. கர்ப்பப்பை கீழே இறங்கிவிட்டது. நாங்கள் அதைப் பேர் சொல்லிச் சொல்ல மாட்டோம். அடி இறங்கிவிட்டது என்போம். பொம்பளைகளுக்குள் அது போதும். ஆனால் கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? அதை யோசிக்கவில்லை. சென்டரில் பக்கத்து நாற்காலியில் ஓர் ஆம்பிளை வேறு உட்கார்ந்திருந்தான். அவள் காதில் குனிந்து சொன்னேன்.

"அடி எறங்குதுன்னு போடு."

அவள் கை அப்படியே நின்றது. "எத்தினி நாளாமா?"

"நீ பொறந்ததுலேர்ந்து. தண்ணி ஏத்துனா ரொம்ப ஜாஸ்தியாவுது."

"எங்கிட்ட ஏன்மா சொல்லவேல்ல?"

"இதெல்லாம் சொல்ற சமாச்சாரமா? உங்க நைனா காதுல போடாத."

கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினாள். பெண்ணாகப் பிறந்தவள், நம் வலி புரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று தடவை எழுதினோம். வந்த பதிலை அவள் வீட்டில் வந்து சொல்வாள். "பொறுத்துகினு இருக்காதீங்க, வெளிய வந்துடுங்கன்றாங்கமா." எனக்கு எரிச்சலாக வரும். வெளியேதான் வந்துகொண்டிருக்கிறது, அதுதானே என் தொல்லை! மருந்து உண்டா, எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று ஒருத்திகூட எழுதவில்லை. படித்தவர்கள் லட்சணம் இவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன்.

நான் அஞ்சாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அன்றைக்கு மகள் வீட்டில் கூட்டி வாசித்தபோது இப்படி இருந்தது: "என் கணவர் குடித்துவிட்டு வரும் நாட்களில் எனக்கு அடி அதிகமாக விழுகிறது. மகள் பிறந்ததிலிருந்து பொறுத்துக்கொண்டிருக்கிறேன்."

வேறு யாரோ எழுதியது போலிருக்கிறது என்று நினைத்தேன். திரும்பவும் கூட்டினேன். என் குடத்தைக் காணோம். என் லாரியைக் காணோம். கீழே ஒருத்தி, "அந்த மிருகத்தோடு ஏன் வாழ்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தாள்.

என் வீட்டுக்காரர் ஹார்பரில் மூட்டை தூக்கியவர். சனிக்கிழமை குடிப்பார், இல்லையென்று சொல்லவில்லை. குடித்தால் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு தூங்கிவிடுவார். என் மேல் ஒரு நாளும் கை ஓங்கியதில்லை.

"இங்க வாடி! யாருடி குடிச்சாங்க? யாருடி என்ன அடிச்சாங்க?"

கரண்டியோடு ஓடி வந்தாள். "நீதானமா சொன்ன? தண்ணி ஏத்துனா அடி எறங்குதுன்னு? அதத்தான் நல்ல தமிழ்ல போட்டேன்."

"தண்ணின்னா தண்ணிடி! லாரித் தண்ணி! கொடம் கொடமா ஏத்துனனே, உன் கண்ணு எங்க போச்சு?"

"அப்ப அடி?"

அப்போதும் எனக்கு வாய் வரவில்லை. அடிவயிற்றில் கையை வைத்துக் காட்டினேன். "இதுக்குத்தான அப்பறம் ஆபரேசன் பண்ணாங்க."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நைனா ஒதச்சதுலதான் ஆபரேசன்னு நெனச்சிகினு இருக்கேன்மா."

 ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் என் கூட இருந்தது என் அக்கா. பெண்கள் வார்டு என்று என் வீட்டுக்காரரை உள்ளே விடவில்லை. அஞ்சு நாளும் பிளாஸ்க்கோடு கேட்டிலேயே நின்றார். மகள் அவர் முகத்தைப் பார்க்காமல் பிளாஸ்க்கை மட்டும் பிடுங்கிக்கொண்டு வருவாளாம். இவள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் இந்த வீட்டுக்கு இரண்டு தடவை வந்தார். இரண்டாம் தடவை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிட்டாள். "பொண்ணு பெரிய மனுசி ஆயிட்டா" என்று சிரித்தவர், அதற்கப்புறம் வரவே இல்லை. மேலே படிக்க வைக்காத கோபம் என்று நான் நினைத்திருந்தேன். கேட்டிருக்கலாம். அதற்கும் கூச்சம். என்ன எழவு கூச்சமோ!

"மாத்தி எழுது. எம் புருசன் அடிக்கலன்னு போடு."

எதையெதையோ தட்டிப் பார்த்தாள். "பழசாயிடுச்சுன்னு மூடிட்டாங்கமா. இனிமே படிக்கத்தான் முடியும்."

"அழிச்சுடு."

"அதும் முடியாதுமா."

ஊரில் இருப்பவர்கள் எல்லாம் படிக்கலாம், சொன்னவள் திருத்தக்கூடாதாம். இது என்ன நியாயம்? அந்தப் பெட்டியைத் தூக்கிக் கடலில் போடலாம் என்று வந்தது.

"அப்ப அந்த மனுசனாண்டயாவது பேசு," என்றேன்.

அவர் செல்லுக்குப் போட்டாள். அவர் எப்போதும் கத்தித்தான் பேசுவார், எனக்கே கேட்டது.

"யாரு?"

"நான்தான் நைனா."

 "உங்கம்மாக்கு இன்னா ஆச்சு?" என்று எடுத்த எடுப்பில் கேட்டார்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு போனை என்னிடம் நீட்டினாள்.

"எனக்கு ஒண்ணும் ஆவலய்யா," என்றேன். "மீன் கொழம்பு வச்சிகீறா. உன்ன சாப்ட வரச் சொல்றா."

"என்னியா?" என்றார். "இன்னா விசயம்?"

அடி என்று ஆரம்பிக்காமல் அதை எப்படிச் சொல்வது? "வாயேன், சொல்றேன்," என்று வைத்துவிட்டேன்.