ஐந்து காமாட்சிகளில் ஒருவர்

காமாட்சி அக்கா உயிரோடு இருப்பதாக எங்கள் துறை பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தப் பொய்யை முதலில் தட்டச்சு செய்தவன் நான்.

மூன்று வாரங்களுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் கணினியைத் திறந்து அது விழிப்பதற்காகக் காத்திருந்தபோது அக்காவின் கணவர் அழைத்தார். பெரிய காஞ்சிபுரத்தில் ஆட்டோ ஓட்டுபவர். "குளிச்சிட்டு வந்து தலை துவட்டிக்கினு இருந்துச்சுபா. அப்படியே சாஞ்சிடுச்சு" என்றார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மாகறல் பக்கம் ஆறு ஊர்களுக்கு ஒரே கிராம சுகாதார செவிலியர். ஆறு ஊருக்கு ஒருவர் என்று யார் கணக்குப் போட்டார்களோ, அவர்கள் யாரும் ஸ்கூட்டியில் அந்தச் சாலையில் போனதில்லை.

மறுநாள் உடலை எடுப்பதற்குச் சற்று முன் அக்காவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. கணவர் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "வணக்கம் காமாட்சி. உங்கள் ரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் உள்ளது. பாராட்டுகள்."

"இது இன்னாபா?" என்றார்.

"தப்பா வந்துக்குதுண்ணா" என்றேன். அது தப்பாக வரவில்லை. சரியான எண்ணுக்குத்தான் வந்தது. அது எப்படி என்பதை அவரோடு வேலை பார்த்த உங்களுக்காவது சொல்லியாக வேண்டும்.

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தகவல் பதிவு செய்பவன். செவிலியர் அளக்கும் அழுத்தம், மருத்துவர் எழுதும் மருந்து, மருந்தாளுநர் கொடுக்கும் மாத்திரை எல்லாம் ஒரே கணினி அமைப்பில் சேரும். மேலே உட்கார்ந்திருப்பவர்கள் அதை வண்ணக் கோடுகளாகப் பார்ப்பார்கள். அதில் ஒருவரைச் சேர்க்க வேண்டுமென்றால் ஒரு போன் எண் வேண்டும், அதற்கு வரும் ஓடிபி வேண்டும். தறியில் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு ஏது போன்? வீட்டில் இருக்கும் ஒரே போன் கணவரின் சட்டைப்பையில் ஊர் சுற்றும். ஆகவே அக்கா எல்லோருக்கும் தன் எண்ணையே கொடுத்தார். நான் நிலையத்திலிருந்து அழைத்துக் கேட்பேன். மறுமுனையில் நான்கு தறிகள் அடிக்கும் சத்தம்.

"அக்கா, ஓடிபி வந்துச்சா?"

"வந்துச்சுபா. யாரோடதுன்னுதான் தெரியல. மூணு வந்துக்குது. மூணையும் போடு, எது உள்ள போவுதோ அது கோர்வை காமாட்சி."

கோர்வை காமாட்சி என்பவர் புடவைக்கு உடலும் கரையும் சேரும் இடத்தில் கைகொடுப்பவர். தெருவில் பாவு விரிப்பவர் பாவு காமாட்சி. கண்புரை அறுவை செய்துகொண்டவர் கண்ணாடி காமாட்சி. இன்னொருவர் மாவுமில் காமாட்சி. எல்லோருக்கும் ரத்த அழுத்தம். எல்லோரும் ஒரே ஊர். "நம்ம பக்கம் கல்லை உட்டா அது ஒரு காமாட்சி மேலதான்பா உழும்" என்பார் அக்கா. ஐந்தாவது காமாட்சி அவரேதான். அவருக்கும் ரத்த அழுத்தம் இருந்தது. நான்தான் வற்புறுத்தி, அந்த ஊர்க் கணக்கிலேயே அவரையும் சேர்த்தேன்.

போன வருடம் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருந்தால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டும்; இரட்டைப் பதிவே இல்லாத நிலையத்துக்குப் பாராட்டுச் சான்றிதழ். ஒரே பெயர், ஒரே ஊர், ஒரே போன் எண் என்று கணினி ஐந்து காமாட்சிகளை மஞ்சளில் காட்டியது. அன்று மட்டும் இருநூறு பேரைச் சேர்த்திருந்தேன். 'ஒன்றிணை' என்ற பொத்தானை யோசிக்காமல் அழுத்தினேன். சான்றிதழ் இன்னும் எங்கள் சுவரில் தொங்குகிறது. பல்லி அதன் பின்னால் குடித்தனம் நடத்துகிறது.

அடுத்த மாதக் காணொலிக் கூட்டத்தில் மாவட்ட அதிகாரி எங்களைப் பிடித்தார். "உங்க ஏரியாவுல எழுபத்து நாலு வயசுல ஒரு கர்ப்பிணி இருக்காங்க. ஏன் ஹை ரிஸ்க்னு காட்டல?"

அக்கா எழுந்து நின்றார். "சார், அந்தம்மாவை நானும் தேடிக்கினுதான் இருக்கறேன். கெடைச்சா மொதல்ல ஒரு மாலை போட்டுட்டு அப்புறம் பிரஷர் பாக்கறேன்."

கண்ணாடி காமாட்சியின் வயதும் கோர்வை காமாட்சியின் வயிறும் ஒரே பதிவில் இருந்தன. அறை சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. அக்காவுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. எனக்கு வரவில்லை. சேர்த்தவனுக்குச் சான்றிதழ், சுட்டிக்காட்டியவருக்கு விளக்கக் கடிதம்.

சேர்த்ததைப் பிரிக்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை, தலைமை அலுவலகத்துக்குத்தான். புகார் அனுப்பினேன். "ஏற்கப்பட்டது" என்று பதில் வந்தது. மறுபடி அனுப்பினேன். "இதே புகார் ஏற்கெனவே உள்ளதால் அதனுடன் இணைக்கப்பட்டது" என்று வந்தது.

அக்கா அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார். பக்கத்துக்கு ஒரு காமாட்சி. மாதாமாதம் அதை மருந்தாளுநர் முன் விரிப்பார்.

"சிஸ்டத்துல ஒருத்தருதான்கா இருக்காங்க. ஒருத்தருக்குத்தான் மாத்திரை காட்டுது."

"அப்ப சிஸ்டத்தையே வந்து முழுங்கிட்டுப் போவச் சொல்லு."

மருந்தாளுநர் தலையில் அடித்துக்கொண்டு கொடுப்பார். அக்காவின் கையெழுத்தை நம்பிக் கொடுத்தார், விதியை நம்பி அல்ல.

என்னைத் திட்டினாரா என்று கேட்பீர்கள். திட்டினார், தினமும். "பிரஷர் மெஷின் பொய் சொன்னா ரெண்டு தட்டு தட்டலாம். உன் கம்ப்யூட்டரை எங்கபா தட்றது?" இதைச் சொல்லிவிட்டு என் டிபன் டப்பாவைத் திறந்து வறுவலை எடுத்துக்கொள்வார். நஷ்டஈடு என்பார்.

காரியம் முடிந்த பிறகு கணவர் அந்த நோட்டை என்னிடம் கொடுத்தார். வீட்டுக்கு வந்து புரட்டினேன். பாவு, கோர்வை, கண்ணாடி, மாவுமில் நான்கு பக்கங்களிலும் ஒரு மாதம் தவறாமல் எண்கள். ஐந்தாவது பக்கத்தின் மேல் "நான்" என்று எழுதியிருந்தது. கடைசி ஐந்து மாதம் காலி.

அந்தக் கணினியில் உருப்படியான வேலை ஒன்றே ஒன்று உண்டு. இரண்டு மாதம் ஒருவர் வராவிட்டால் பெயரைச் சிவப்பாக்கும். நான் அழைத்து, ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டும். அக்காவின் பெயர் ஒருநாளும் சிவப்பாகவில்லை. மற்ற நான்கு காமாட்சிகளும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தார்களே. அவர் இறந்ததற்கு முந்தின நாள் நான் பதிவு செய்தது கோர்வை காமாட்சியின் அழுத்தம். அதற்குத்தான் அந்தப் பாராட்டு. என் எதிரே உட்கார்ந்து வறுவல் தின்ற அக்காவிடம் "உன் பிரஷர் எவ்ளோக்கா?" என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம். திரை பச்சையாக இருந்தது. கேட்கவில்லை.

போன வாரம் அவருடைய இறப்பைப் பதிவு செய்யப் போனேன். கணினி கேட்டது: "இந்த நோயாளிக்கான மாத்திரைகள் அனைத்தும் நிறுத்தப்படும். தொடரலாமா?" அழுத்தினால் நான்கு பெண்களும் அக்காவோடு போய்விடுவார்கள். அழுத்தாவிட்டால் அக்கா சாகமாட்டார். மூடிவிட்டேன். மருந்தாளுநர் இந்த மாதம் நோட்டைப் பார்த்துக் கொடுத்துவிட்டார். "அடுத்த மாசம் யாரு கையெழுத்துபா?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த நோட்டு. இன்னும் முப்பத்தைந்து பக்கம் மிச்சமிருக்கிறது. இப்போது பதிவு செய்வதற்கு முன் ஒவ்வொருவரிடமும் நீங்கள் எந்தக் காமாட்சி என்று கேட்கிறேன். கோபித்துக்கொள்கிறார்கள். பரவாயில்லை.

நேற்றைய காணொலிக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். "சார், அஞ்சு காமாட்சியையும் பிரிச்சுக் குடுங்க. ஒருத்தர் செத்துட்டாங்க. நாலு பேருக்கு அடுத்த மாசம் மாத்திரை வேணும்."

திரையில் அதிகாரியின் முகம் அசையவில்லை. நெட் நின்றுவிட்டதா, அவரே அப்படித்தான் உட்கார்ந்திருந்தாரா என்று தெரியவில்லை. நான் உட்காரவில்லை.

"பிரிச்சுக் குடுங்க சார்" என்றேன்.