கேட்டது நான், பதில் என் கணவருக்கு

மாமல்லபுரத்து உப்புக்காற்றில் என் பைக் செயின் அடிக்கடி துரு பிடிக்கிறது. பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தித் துடைக்க ஒரு ரியர் ஸ்டாண்ட் வாங்கலாம் என்று இன்று செங்கல்பட்டில் ஒரு கடைக்குப் போனேன். கணவரும் கூட வந்தார்.

கேட்டது நான். கடைக்காரர் பேசியது அவரிடம்.

"இந்தக் கொக்கி மாடல் எடுத்துக்க சார். எல்லா வண்டிக்கும் செட்டாவும்."

"எனக்கு சைக்கிளே ஓட்ட வராதுங்க. வண்டி அவங்களுது," என்றார் கணவர்.

நான் சொன்னேன்: "அண்ணே, என் வண்டில கொக்கி மாட்டுற போல்ட்டே கிடையாது. ரப்பர் பேட் வெச்சது குடுங்க."

"அதெல்லாம் ஒண்ணியும் ஆவாது மேடம்."

வாசலில் நின்ற என் பைக்குக்கு அடியில் கடைக்காரரே கொக்கியைக் கொடுத்துத் தூக்கினார். கொக்கி வழுக்கியது. என் பக்கம் சாய்ந்த வண்டியை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தேன். சைலன்சர் பட்டுக் கால் சுட்டுவிட்டது.

அந்த ஆள் அப்போதும் கணவரிடம்தான் கேட்கிறார்: "இன்னா சார், மேடம் கெட்டியா புடிக்க வாணாமா?"

"வண்டியும் என்னுது, சுட்ட காலும் என்னுது. என்னப் பாத்துப் பேசுயா!"

தெருவே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

ஸ்டாண்ட் இன்னும் வாங்கவில்லை. செங்கல்பட்டுப் பக்கம், வண்டி ஓட்டுகிறவர் முகத்தைப் பார்த்துப் பேசும் கடை ஏதாவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.