படியிறங்கிப் போகும் பேஸ்மென்ட்

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் வாங்கிய வீட்டில் தரைக்குக் கீழே ஓர் அறை உண்டு. என் நாட்டிய வகுப்புக்காக அதில் டைல்ஸ் ஒட்ட நினைத்து, "பேஸ்மென்ட் தரைக்குப் பசை வேணும்" என்று கடையில் கேட்டேன். மூட்டைகளோடு வந்த கடைக்காரர், படியிறங்கியதும் நின்றுவிட்டார்.

"பேஸ்மென்ட்டுன்னா நம்ம ஊர்ல வீட்டுக்கு அடியில தரைக்கு மேல எழுப்புற மேடைங்க. இது பூமிக்குள்ள இருக்கு. காவிரியில தண்ணி ஏறுனா ஈரம் கசியும், டைல்ஸ் பேந்துடும்."

நல்லவேளை, மூட்டையைப் பிரிக்கவில்லை. ஈரம் தாங்கும் பசையாக மாற்றித் தந்தார். தண்ணீர் விட்டுக் குழைத்து, சற்று ஊறவிட்டு, மறுபடி கலக்கி ஒட்டினோம். காவிரி கரைபுரண்டபோதும், இத்தனை பிள்ளைகள் குதித்தும், ஒன்றுகூட அசையவில்லை.

இப்போதெல்லாம் எதை வாங்கினாலும் வார்த்தையை நம்பாமல் அபிநயம் பிடித்தே விளக்குகிறேன். போன வாரம் கடையில் நின்றபடியே படியிறங்குவதுபோல் காட்டியபோது அந்தக் கடைக்காரர் சொன்னார்: "போதும் டீச்சர், கீழ வந்து சேர்ந்துட்டோம்."